மறுமொழி: தானியங்கித் திறவுகோலா, இடுதிறவுகோலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். தரவுத்தள அட்டவணையில் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணோ குறியோதான் திறவுகோல் (key). அதற்கான கலைச்சொல் பற்றி ஐயா எழுதியது இது:

> புதிய வரிசைக்குத் தரவுத்தளமே உண்டாக்கும் எண்ணைத் 'தானியங்கித் திறவுகோல்' எனலாம். அதைக் கேட்டு வாங்குவது 'மீட்டெடுத்தல்'.

இரண்டு சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. தானியங்கி என்றால் தானே இயங்குவது. இங்கே இயங்குவது தரவுத்தளம். திறவுகோல் அது இடுகிற எண். மீட்பதோ தொலைந்ததையும் அடகு வைத்ததையும். இந்த எண் தொலையவில்லை, நம் கைக்கு இன்னும் வரவே இல்லை. 'பெறல்' போதும்.

யாருக்கு இட்ட எண்ணைப் பெறுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு கடையின் பில் போடும் நிரலில் இதை நேரில் பார்த்தேன். முதல் கல்லாவில் பில் 4172 பதிவானது. அதன்கீழ்ப் பொருள்களைச் சேர்க்க, அட்டவணையில் உள்ள மிகப் பெரிய எண் எதுவென்று நிரல் கேட்டது. அதற்குள் அடுத்த கல்லாவில் 4173 பதிவாகிவிட்டது. முதலாமவர் வாங்கிய அரிசியும் பருப்பும் இரண்டாமவர் பில்லில் ஏறின! மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் 'லாஸ்ட் இன்சர்ட் ஐடி'யைக் (கடைசியாக இட்ட எண்) கேட்டிருந்தால், முதல் கல்லாவின் இணைப்புக்கு இட்ட எண்ணையே தந்திருக்கும். (ஒரே கட்டளையில் பல வரிசைகளைச் சேர்த்தால் முதல் எண்ணை மட்டுமே தரும்.) போஸ்ட்கிரெஸ் என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருளில், 2006இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து 'ரிட்டர்னிங்' என்று எழுதினால், சேர்க்கும் கட்டளையே எல்லா எண்களையும் கையில் கொடுத்துவிடுகிறது.

'இட்ட எண்' என்றுதான் மேலே இயல்பாக எழுத வந்தது. ஆகவே என் முன்மொழிவு: இடுதிறவுகோல். வினைத்தொகை என்பதால் இட்டது, இடுவது, இடப்போவது மூன்றும் அதில் அடங்கும்.

இதன் அண்டைச் சொல்லும் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மரம் இடுகுறிப்பெயர், நாற்காலி காரணப்பெயர் என்று பள்ளியில் படித்தோம். வாகனப் பதிவெண்ணைத் திறவுகோலாக வைத்தால் அது காரணத் திறவுகோல். 4172 போல் பொருளோடு ஒட்டாத எண் இடுகுறித் திறவுகோல். இடுதிறவுகோலையும் இடுகுறித் திறவுகோலையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். செயலியே முன்கூட்டி உருவாக்கி அனுப்பும் யூயூஐடி (வேறெதனோடும் மோதாதபடி உருவாக்கும் நீண்ட அடையாளக் குறி) இடுகுறிதான், ஆனால் தரவுத்தளம் இட்டதன்று. எனவே அதைத் திரும்பக் கேட்டுப் பெறவும் வேண்டியதில்லை.

'சாவி' என்றே புழங்கும் நண்பர்களுக்கு 'இடுசாவி' ஒத்துவருமா? சொல்லுங்கள், இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.