முதிர்வுக் குளத்தில் கோலிஃபார்ம் இறங்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

குளக்கரை:
கழிவுநீரைச் சுத்திகரிக்க காற்றில்லாக் குளம், அடுத்து பாசிக் குளம், கடைசியில் கிருமியைக் குறைக்க ஒரே ஒரு பெரிய முதிர்வுக் குளம் வைத்து ஓட்டுகிறோம். பிஓடி (கரிமக் கழிவு எவ்வளவு என்று காட்டும் அளவு) நன்றாகவே குறைகிறது, நாற்றமும் இல்லை. ஆனால் மலக் கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) மட்டும் 100 மில்லிக்கு 20,000-க்குக் கீழே வருவதில்லை, பாசனத்துக்கு விட 1,000-க்குள் வேண்டும். கணக்குப்படி முதிர்வுக் குளத்தில் தண்ணீர் 9 நாள் தங்க வேண்டும், ஆழம் 1 மீட்டர்தான், வெயிலுக்கும் பஞ்சமில்லை. பேசாமல் குளோரின் போட்டுவிடலாமா?

பச்சைத்தண்ணீர்:
குளோரினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவ்வளவு பாசியுள்ள தண்ணீரில் ஊற்றினால் பாசியே பெரும்பகுதியைத் தின்றுவிடும், செத்த பாசி பிஓடியை வேறு ஏற்றிவிடும். பிற்பகலில் பிஎச் பார்த்தீர்களா? வெயில் ஏற ஏற பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஎச் 9-ஐத் தாண்டும். அதுவும் வெயிலும் கரைந்த ஆக்சிஜனும் சேர்ந்துதான் ஈ.கோலை என்ற மலக் கோலிஃபார்மைக் கொல்கின்றன. டக்வீட் என்ற மிதக்கும் சிறு செடி மூடியிருந்தால் முதலில் அதை வாரிப் போடுங்கள்.

குளக்கரை:
டக்வீட் இல்லை சார். நேற்று காலை 7 மணிக்கு பிஎச் 8.1, மாலை 3 மணிக்கு 9.3.

கசடுக்காரன்:
அப்படியென்றால் குளத்தின் மேல் குற்றமில்லை, தண்ணீர்தான் தங்காமல் ஓடுகிறது போல. நுழைவும் வெளியேற்றமும் நேருக்கு நேராகவா இருக்கின்றன? 20 ஆரஞ்சுப் பழத்தை நுழைவில் போட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே செய்கிற சோதனைதான், ஆரஞ்சு முக்கால்வாசி மூழ்கியே மிதக்கும் என்பதால் காற்று அதிகம் தள்ளாது. அப்புறம் நீளக் கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை மெதுவாக இறக்கி எடுங்கள், கறுப்பு ஏறியிருக்கும் உயரம்தான் கசடு.

குளக்கரை:
போட்டுப் பார்த்தேன். 14 பழம் 6 மணி நேரத்துக்குள் வெளியேற்றத்துக்கு வந்துவிட்டது! 9 நாள் எங்கே, 6 மணி நேரம் எங்கே. கசடு நுழைவருகே 25 செ.மீ., மற்ற இடங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆமாம், இரண்டு குழாயும் நேர்க்கோட்டில்தான்.

பச்சைத்தண்ணீர்:
ஆரஞ்சு மேல்தண்ணீரின் கதையை மட்டும்தான் சொல்லும். செலவில் இறங்கும் முன் ரோடமின் சாயம் விட்டு ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கசடுக்காரன்:
சரிதான். சாயமும் இதையே சொன்னால் குளத்துக்குக் குறுக்கே இரண்டு திரை கட்டுங்கள், கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பே போதும். ஒவ்வொன்றும் அகலத்தில் 70 சதவீதம் வரை போகட்டும், ஒன்று இந்தக் கரையிலிருந்து, மற்றது எதிர்க்கரையிலிருந்து, தண்ணீர் பாம்பு போல வளைந்து போக வேண்டும். இடமிருந்தால் குளத்தையே மூன்றாகப் பிரிப்பது இன்னும் நல்லது. குளத்தில் கோலிஃபார்ம் எவ்வளவு குறையும் என்று கணிக்க மராய்ஸ் என்ற ஆய்வாளர் 1974-இல் தந்த சூத்திரத்தில் 25 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள்: 9 நாள் குளம் ஒன்று சுமார் 57 மடங்கு குறைக்கிறது, வரிசையாக 3 நாள் குளம் மூன்று என்றால் சுமார் 7,500 மடங்கு. காகிதக் கணக்குதான், களத்தில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிகிறதே.

குளக்கரை:
இப்போதைக்குத் திரைதான் முடியும். கட்டியதும் மாதிரி எடுத்துப் போடுகிறேன்.

பச்சைத்தண்ணீர்:
முன்பு எடுத்த அதே மணிக்கு எடுங்கள், ஐஸ் பெட்டியில் வெயில் படாமல் அனுப்புங்கள். முன்பு காலையிலும் இப்போது மாலையிலும் எடுத்தால் குறைந்தது திரையாலா வெயிலாலா என்றே தெரியாது.