தெருப் பொங்கலில் தொடங்கி கிராம சபை வரை: செய்தவர்கள் சொல்லும் அளவுகள் (ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ஏரிக்கரை நகர்
ஊராட்சி எல்லைக்குள் வரும் 60 வீட்டு மனைப்பிரிவு. பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள். தெருவிளக்கு, கால்வாய் என்று எந்தப் பிரச்சினைக்கும் நாலு பேர் சேர்ந்து போவதில்லை. தையில் சமத்துவப் பொங்கல் வைத்து, அந்தச் சூட்டோடு ஜனவரி 26 கிராம சபைக்குப் போகலாம் என்று யோசனை. செய்து பார்த்தவர்கள் செய்முறையும் அளவும் எழுதுங்கள். எது கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும் என்பதும் வேண்டும்.

வாய்க்கால்மேடு
முதலில் தேதி. தை 1 அன்று வைக்காதீர்கள். வாடகையில் இருப்பவர்கள் போகிக்கு முந்தைய நாளே சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். மிச்சம் இருப்பது வீட்டுக்காரர்கள் மட்டும்தான், அது தெருப் பொங்கல் ஆகாது. போகிக்கு முந்தைய ஞாயிறு, காலை 7 மணிக்கு அடுப்பு மூட்டினால் 10 மணிக்குள் முடியும்.

அடுத்தது பணம். வீட்டுக்கு 500 என்று வரி போட்ட இடத்தில் எல்லாம் மனக்கசப்புதான். கொடுக்க முடியாதவர் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். அதிகம் கொடுத்தவர் தன் படத்தோடு ஃபிளெக்ஸ் கேட்பார். பணத்துக்குப் பதில் பொருளாக வாங்குங்கள்: ஒரு வீடு வெல்லம், ஒரு வீடு விறகு, ஒரு வீடு கரும்பு. அரைப்படி அரிசி கொடுத்தாலும் அது பங்குதான். யார் என்ன கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிக்கக் கூடாது. ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம்.

மூன்று வாரம் முன்னால் வீடு வீடாகப் போங்கள். இரண்டு பேர் போக வேண்டும், அதில் ஒருவர் பெண், ஒருவர் வாடகை வீட்டுக்காரர். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் போதும் என்று நினைத்தால், குழுவில் இல்லாத கடைசி எட்டு வீடு அப்படியே விட்டுப்போகும். பெரும்பாலும் அந்த எட்டு வீட்டு வாசலில்தான் கால்வாய் நிரம்பி வழியும்.

விறகடுப்பு
வீட்டுக்கு ஒரு பானை என்று வைத்தால் அவரவர் பானையைப் பார்த்துக்கொண்டு, பொங்கினதும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று வீட்டுக்கு ஒரு பானை வையுங்கள். எந்த மூன்று வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஆளாளுக்குச் சேர விட்டால் சொந்தம், சாதி பார்த்துத்தான் சேருவார்கள். சீட்டு என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே பானையில் கரண்டி போட்டவர்கள் அடுத்த வாரம் தெருவில் பார்க்கும்போது பேசாமல் போக மாட்டார்கள்.

60 வீட்டுக்கு 20 பானை. ஒரு பானைக்கு: புதுப் பச்சரிசி அரைக் கிலோ, பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் 600 கிராம், நெய் 100 கிராம், முந்திரி 50 கிராம், திராட்சை 25 கிராம், ஏலக்காய் ஆறேழு. 5 லிட்டர் மண்பானை சரியாக இருக்கும். மொத்தத்தில் அரிசி 10 கிலோ, பருப்பு இரண்டரை, வெல்லம் 12, நெய் 2 கிலோ. பானைக்கு 18 தொன்னை வரும், 350 பேருக்குக் குறையாது.

புதுப் பானையை முந்தைய நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஊறாத பானை அடுப்பில் வைத்த பத்து நிமிஷத்தில் விரிசல் விடும். முதல் கால் மணி நேரம் சின்னத் தீதான். அரிசி களைந்த நீரும் கால் லிட்டர் பாலும் சேர்த்துக் கழுத்து வரை ஊற்றிப் பொங்க விட்டு, பாதிக்கு மேல் மொண்டு தனியே வைத்துக்கொண்டு, பிறகு அரிசியும் பருப்பும் போட வேண்டும். மொண்ட தண்ணீரைத் தேவைக்குத் தேவை சூடாகவே திரும்ப ஊற்றுங்கள். அரிசி விரலில் மசிந்த பிறகுதான் வெல்லப்பாகு. முன்னாலேயே போட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு எரித்தாலும் அரிசி வேகாது, விறைத்தே நிற்கும். 20 பானையில் நாலு பானை கெடுவது இதனால்தான்.

தார் ரோட்டில் நேரே செங்கல் அடுக்காதீர்கள், தார் இளகி ஒரு கல் இறங்கிப் பானை சாயும். இரண்டு அங்குல மணல் பரப்பி அதன் மேல் அடுப்பு. அடுப்புக்கு அடுப்பு ஐந்தடி. ரோட்டின் ஒரு ஓரம் மட்டும் வரிசை, மறு ஓரம் பத்தடி காலியாக இருக்கட்டும், ஆம்புலன்ஸ் வந்தால் போக வேண்டும். காய்ந்த சவுக்கு, பிளந்ததாக இருந்தால் புகை குறைவு. ஐந்து அடுப்புக்கு ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். நைலான் புடவை, தொங்கும் துப்பட்டா வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மைக்செட்
அண்ணே, உறியடி வைப்பதாக இருந்தால் முதலில் அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி போகும் இடத்தில் கம்பம் நடவே கூடாது. தண்ணீர் பீய்ச்சுவது வேறு, தார் ரோட்டில் வழுக்கும். மண் தரை கிடைத்தால் மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் கயிறு இழுத்தல் போதும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதி வாங்குங்கள். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வைக்கக் கூடாது. ஒரே பெரிய பெட்டியைத் தெரு முனையில் வைத்தால் பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தை அலறும், கடைசி வீட்டுக்கு ஒன்றும் கேட்காது. சின்னப் பெட்டி நாலு, 50 அடிக்கு ஒன்று, சத்தம் குறைத்து வையுங்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் யாரும் யாரோடும் பேச முடியாது. பானை பொங்கும் அந்த ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்திவிடுங்கள். குலவை போடத் தெரிந்த பாட்டிமார் எந்தத் தெருவிலும் இருப்பார்கள்.

கோலமாவு
கோலப் போட்டி என்றால் நாலுக்கு நாலடிக் கட்டம், 45 நிமிஷம், நடுவர் வேறு தெருக்காரர். உள்ளூர் நடுவர் என்றால் பரிசு கொடுத்த அன்றே சண்டை. தனித்தனிப் பரிசை விட, தெரு நீளத்துக்கு ஒரே கோலத்தை ஆளுக்கு ஐந்தடி போட்டு முடிப்பது நல்லது.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தால் கற்பூரம், அர்ச்சனை வைக்காமல் சூரியனைப் பார்த்துப் பானை பொங்குவதோடு நிறுத்துங்கள். அவர்கள் வீட்டுப் பலகாரம் ஒன்றையும் பந்திக்குக் கேளுங்கள். பிளாஸ்டிக் தட்டு, கப் 2019 முதலே தடை. தொன்னை, வாழையிலைக்கு நாலு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

தீர்மானப் புத்தகம்
பொங்கல் முடிந்ததும் எல்லாரும் கலைந்துபோவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கையில் இன்னும் தொன்னை இருக்கும்போதே பாயை விரித்து வட்டமாக உட்கார வையுங்கள். மேடை, நாற்காலி வேண்டாம். நாற்காலி போட்டால் ஆண்கள் உட்காருவார்கள், பெண்கள் பின்னால் நிற்பார்கள். 40 நிமிஷம், ஒரே கேள்வி: “இந்தத் தெருவில் இந்த ஆண்டு சரியாக வேண்டிய ஒரு காரியம் என்ன?” ஆளுக்கு ஒரு நிமிஷம், மைக் இல்லாமல். எட்டுப் பத்துப் பேச்சுக்குப் பிறகு கையைத் தூக்கச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்துக் கோரிக்கையோடு சபைக்குப் போனால் பத்தும் “பரிசீலிக்கப்படும்” என்றே முடியும்.

பத்து வீட்டுக்குள் சின்னச் சண்டை இருந்தால் (வண்டி நிறுத்துமிடம், நாய், மாடித் தண்ணீர்) அதை வட்டத்தில் எடுக்காதீர்கள். ஊர் முன்னால் பேசினால் மானப் பிரச்சினையாகும். இரு தரப்புக்கும் வேண்டியவர் ஒருவர் சாயங்காலம் திண்ணையில் பேசி முடிக்கட்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் உறுப்பினர். வாடகைக் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். வேறு ஊரில் ஓட்டு இருந்தால் படிவம் 8 கொடுத்து மாற்ற வேண்டும், புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. பானைச் சீட்டுக்காக வீடு வீடாகப் போகும்போதே இதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரிக்குப் பெயர் ஏறாவிட்டாலும் மே 1-க்கு உதவும்.

குறைவெண் வரம்பு (கோரம், அதாவது சபை செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது) ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்கள் தெருவில் இருந்து 40 பேர் வந்தாலே சபையின் முகம் மாறும்.

மனு ஒரே பக்கம். “தெருவிளக்கு எரியவில்லை” என்று எழுதாதீர்கள். கம்ப எண், எந்த வீட்டு எதிரில், எத்தனை நாளாக, புகைப்படம். கால்வாய் என்றால் எத்தனை அடி நீளம், எங்கே அடைப்பு, தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது. இரண்டு படி எடுத்து ஒன்றில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். சபையில் தீர்மானமாகவே எழுதக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்த பிறகே கையெழுத்து. வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் மேலே என்ன எழுதினாலும் அது உங்கள் தீர்மானம்தான். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டிக் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஏரிக்கரை நகர்
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். தெரு 20 அடிதான். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று ஓர் இடம் இருக்கிறது, ஆனால் கருவேலமும் கட்டடக் கழிவும்தான். அங்கே வைக்கலாமா?

தீர்மானப் புத்தகம்
கட்டாயம் அங்கேதான் வைக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். பத்திர நகலை ஊராட்சி அலுவலகத்தில் பார்த்துவிட்டு, அங்கேயே எழுத்து அனுமதியும் வாங்குங்கள். யாரும் போகாமல் கிடக்கும் பூங்கா இடத்தில்தான் இரவோடு இரவாக வேலி முளைக்கும்.

விறகடுப்பு
கருவேலத்தை இரண்டு வாரம் முன்னால் வெட்டி முள்ளைப் பொறுக்கிவிடுங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம். அந்த விறகு அன்றைக்கு ஈரமாகத்தான் இருக்கும், அடுப்புக்கு வேண்டாம். மணல் செலவு மிச்சம், மண் தரையில் நேரே குழி வெட்டிக் கல் வைக்கலாம். கட்டடக் கழிவை அள்ள இரண்டு டிராக்டர் நடை பிடிக்கும், அந்த வாடகையை ஃபிளெக்ஸ் கேட்டவரிடம் கேட்டுப் பாருங்கள்.