ஆர்.பி. இருக்கிறது, பார்வையை விடப் பயம்தான் அதிகம் படுத்துகிறது

திருச்சிக்காரன்:
வயது 34. ஆர்.பி., அதாவது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லக் கெடுகிற நோய் என்று தெரிந்து ஆறு வருடம். நேரே இருப்பது தெரிகிறது, ஓரம்தான் போய்விட்டது. போன வாரம் பேருந்து நிலையத்தில் ஒரு குழந்தை மேல் மோதிவிட்டேன், அதன் அம்மா "கண்ணு தெரியலையா?" என்று கத்தினார், ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தினமும் எழுந்ததும் சுவர்க் காலண்டரின் ஓரம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வைகைக்கரை:
தம்பி, அந்தக் காலண்டர் சோதனையை முதலில் விடுங்கள். நானும் செய்தவள்தான், எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பதில் டியூப்லைட். இது வருடக்கணக்கில் மெதுவாக நகர்கிற நோய், டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்வைப்புலச் சோதனை (ஓரம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளப்பது) எடுத்தால் போதும். ஆனால் திடீரென்று மங்கினால் சும்மா இருக்காதீர்கள். ஆர்.பி.யில் கண்புரையும் வரலாம், விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் நீரும் கோர்க்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

மடக்குக்கோல்:
வெள்ளைக்கோல் வாங்குங்கள். எட்டு மாதம் பையிலேயே ஒளித்து வைத்திருந்தேன், விரித்த முதல் நாளே கூட்டம் தானாக வழிவிட்டது. ஒருவர் மட்டும் "போன் பார்க்கிறீர்களே, அப்புறம் கோல் எதற்கு?" என்றார், அதற்கெல்லாம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். பார்வைப்புலம் சுருங்கியதற்கும் ஊனச் சதவீதம் உண்டு, 40 வந்தால் சலுகைகள் கிடைக்கும். போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கையும் இப்போதே பழகுங்கள், பார்வை இருக்கும்போது சுலபம்.

திருச்சிக்காரன்:
சரி அக்கா, காலண்டரைக் கழற்றிவிட்டேன். கோலுக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை, வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்கள்.