கில்ட்டுக்கு மேல் போடும் மேல்கோட்டை எங்கே வெட்டுவது?
மாசசூசெட்ஸில் ஒரு தீயணைப்புத் துறையின் ஹானர் கார்டு (சடங்கு அணிவகுப்புக் காவல்) குழுவுக்கு கில்ட் சீருடை, அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடையோடு கூடிய சீருடை, தைக்கிறோம். கில்ட்டில் பிரச்சினை இல்லை: 16 அவுன்ஸ் கம்பளி, 8 கஜம், கோடு தெரியும் ராணுவ மடிப்பு. சிக்கல் மேல்கோட்டில்தான். இரட்டை வரிசைப் பித்தான் வைத்தது, கால்சட்டைக்காக வெட்டியது, நீளம் 31 அங்குலம். முன்னால் ஸ்போரனை (கில்ட்டின் முன்னால் தொங்கும் பையை) மூடுகிறது. பின்னால் மடிப்புகளை அமுக்கி விரிய வைக்கிறது.

3 அங்குலம் குறைத்தோம். கீழ்ப்பைகள் விளிம்பில் முட்டின, கடைசிப் பித்தான் பெல்ட் பக்கிள் மேல் விழுந்தது. பின்னால் இருந்த ஒரு வென்ட்டை (கீழ்விளிம்புப் பிளவை) இரண்டாக்கியதில் மடிப்பு கொஞ்சம் விடுபட்டது. முன்பக்கத்தை வளைத்து வெட்டுவது ஒற்றை வரிசைக்குத்தான் சரி. இரட்டை வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் முன்துண்டு தொங்குகிறது. புது டப்ளெட்டுக்கு (கில்ட்டோடு போடும் குட்டை மேல்சட்டைக்கு) துறை சம்மதிக்கவில்லை, பித்தானும் கைப்பட்டையும் மாறக்கூடாதாம். செப்டம்பர் 11 நினைவு அணிவகுப்புக்குள் முடிக்க வேண்டும்.

பைகளை எடுத்துவிட்டு, இடுப்புத் தையலோடு வெட்டித் தனி மடல்கள் வைப்பதென்றால், இடுப்புக்குக் கீழே எத்தனை அங்குலம் விட வேண்டும்?