விசா முடிந்த மாப்பிள்ளை, பிறக்கப்போகும் குழந்தை: பெங்களூரில் இருந்தபடியே மனுச் செய்வதா, கிளம்பிவிடுவதா?

அல்சூர்வாசி:

வணக்கம். என் தங்கையின் கணவர் வவுனியாக்காரர். 2022ஆம் ஆண்டு, இலங்கையில் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்ற நாட்களில், இ-சுற்றுலா விசா எடுத்துக் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்தார். பிறகு பெங்களூருக்கு வந்து ஓர் இனிப்புக் கடையின் சமையல்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். விசா முடிந்தும் திரும்பிப் போகவில்லை. 2024 பிப்ரவரியில் அவருக்கும் என் தங்கைக்கும் கோயிலில் திருமணம் நடந்தது, ஆனால் அதைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டோம். இப்போது தங்கைக்கு ஐந்தாம் மாதம். அவருடைய பாஸ்போர்ட் 2028 வரை செல்லும்.

இரண்டு வாரங்களுக்கு முன் வீட்டு உரிமையாளர், வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் அதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் கொடுக்க வேண்டுமாமே என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. ஒரு தரகர் 18,000 ரூபாய் கொடுத்தால் பழைய தேதியிட்ட முகவரிச் சான்றோடு ஆதார் எடுத்துத் தருவதாகச் சொன்னார்; நான் மறுத்துவிட்டேன். அவரை ஊருக்கு அனுப்பிவிட்டு முறையாகத் திரும்ப அழைப்பதா, இங்கேயே விண்ணப்பிப்பதா, பிரசவம் முடியும்வரை பேசாமல் இருப்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கோப்புக்காரர்:

தரகருக்கு மறுத்தது சரியான முடிவு. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, விசா முடிந்த பின் தங்கியிருப்பதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். போலி ஆவணத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு. தவறிப்போய்த் தங்கிவிட்ட மனிதர் என்ற நிலையிலிருந்து ஏமாற்றுக்காரர் என்ற நிலைக்கு அந்த 18,000 ரூபாய் அவரைத் தள்ளியிருக்கும்.

நான் 14 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் வெளிநாட்டவர் கோப்புகளைப் பார்த்தவன். என் கருத்து வெளியேறும் அனுமதி பெற்றுக் கிளம்புவதுதான். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் விண்ணப்பித்து, கூடுதலாகத் தங்கிய காலத்துக்குரிய தண்டத் தொகையைக் கட்டி, சாந்தி நகர் பேருந்து நிலையக் கட்டடத்தில் இருக்கும் அலுவலகம் அழைத்தால் நேரில் போய் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஊருக்குப் போன பின், இந்தியக் குடிமகளின் கணவர் என்ற முறையில் நுழைவு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. தாமாக வெளியேறியவர், பிடித்து அனுப்பப்பட்டவர் ஆகிய இருவருடைய கோப்புகளும் பின்னாளில் ஒரே மாதிரிப் படிக்கப்படுவதில்லை.

வன்னிமண்:

அண்ணா, நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாவற்றையும் கோப்பாகவே பார்க்கிறீர்கள். ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும்போது அவளுடைய மனுசனை விமானத்தில் ஏற்றிவிட்டு, விசா கிடைத்தால் வருவார் என்று சொல்வது எப்படித் தீர்வாகும்? மீண்டும் நுழைய விடாதவர்களின் கருப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் எத்தனை ஆண்டுகள் பிரிந்திருக்க வேண்டும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா? திரும்பிப் போவதும் சொல்வதுபோல் எளிதான அலுவல் இல்லை. 2025 மே மாதம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு முதியவரை, முன்பு உரிய ஆவணமில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று கைது செய்தார்கள். அவர் அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பின் உதவியோடு போனவர். பிள்ளை பிறக்கட்டும், தகப்பன் பக்கத்தில் இருக்கட்டும். அதன் பிறகு எந்த அலுவலகத்துக்கும் போகலாம். குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாயின் முகத்தைப் பார்த்து எந்த அதிகாரியும் அவ்வளவு எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்.

கோப்புக்காரர்:

நீங்கள் சொல்லும் முதியவர் போர்க்காலத்தில் படகேறி வந்தவர்களின் நிலையில் இருந்தவர். இவரோ கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்தில் முத்திரை குத்தப்பட்ட பாஸ்போர்ட்டோடு வந்திருக்கிறார். இலங்கைச் சட்டப்படி அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒருவருடைய அச்சத்தை இன்னொருவர் மேல் ஏற்றக் கூடாது. பிரிவு பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னால் உறுதி தர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேயோ ஹால் வழக்கறிஞர்:

இருவரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது, அதுதான் இந்த வழக்கின் நடுமையம். குடியுரிமைச் சட்டம் 1955இன் பிரிவு 2(1)(பி), ஆவணமின்றி நுழைந்தவரை மட்டுமல்லாமல், முறையான ஆவணத்தோடு நுழைந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரையும் சட்டவிரோதக் குடியேறி என்றே வரையறுக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 3ஐப் பாருங்கள். 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறக்கும் குழந்தை பிறப்பால் குடியுரிமை பெற வேண்டுமானால், பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் குழந்தை பிறக்கும் நேரத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமல் இருக்க வேண்டும். தாய் இந்தியர் என்பது மட்டும் போதாது. ஆகவே, 'பிரசவம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்ற யோசனை தகப்பனைக் காப்பாற்றுகிறதோ இல்லையோ, குழந்தையின் குடியுரிமையைக் கேள்விக்குள்ளாக்கிவிடும்.

அதிகாரி இரங்குவார் என்று நம்பலாம். ஆனால் நாடுகடத்தும் அதிகாரத்தை நீதிமன்றங்கள் மிக அகலமாகவே வாசித்து வந்திருக்கின்றன. பல்லாண்டுகள் இங்கே வாழ்ந்த ஒரு பெல்ஜிய மதபோதகரின் வழக்கில், லூயி டி ரேட் தீர்ப்பில், 1991இல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவருக்கு அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர், தனிமனிதச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு, இந்தியாவில் குடியிருக்கும் உரிமை இல்லை என்று தெளிவாகச் சொன்னது.

என் ஆலோசனை இங்கிருந்தே விண்ணப்பிப்பது. முதலில் திருமணத்தைச் சிறப்புத் திருமணச் சட்டம் 1954இன் பிரிவு 15இன் கீழ் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதிவு செய்வதற்கான வழி அதுவே, 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. பிறகு கூடுதல் தங்கலை மன்னித்து, துணைவருக்கான நுழைவு விசாவாக மாற்றித்தரக் கேளுங்கள். பதிவு முடிந்து இரண்டு ஆண்டுகள் திருமணம் தொடர்ந்தால் ஓ.சி.ஐ. என்னும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அது கிடைத்தால் வேலை பற்றிய கவலையும் பெரும்பாலும் தீரும். அதுவரை சம்பள வேலையை நம்பிக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள். விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முன்பே அவர் அந்தச் சமையல்கூட வேலையை விட்டிருக்க வேண்டும்.

வன்னிமண்:

சட்டவிரோதக் குடியேறி. இந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்குக் கதவைத் திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்களித்து வந்த ஆணையிலும் அந்த மூன்று நாட்டவருக்கு 2024 டிசம்பர் 31 வரை வந்தவர்கள் என்று எல்லை வைத்தவர்கள், இலங்கைத் தமிழருக்கு மட்டும் 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்டவர்கள் என்று எழுதினார்கள். 2022இல் பசிக்குப் பயந்து வந்தவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. இப்படிப்பட்ட சட்டத்தின் முன் தானாகப் போய் நில் என்று நீங்கள் இருவரும் எப்படிச் சொல்கிறீர்கள்?

முகாமில் பிறந்தவள்:

வன்னிமண் அண்ணா, நான் 1994இல் தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் பிறந்தவள், இப்போது பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்கிறேன். என் பெற்றோர் இருவருமே இலங்கையர். 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்ததால், இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை நான் மிதித்ததில்லை என்றாலும் எனக்குக் குடியுரிமை இல்லை. முகாம் கணக்கெடுப்பு நாளில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காக அப்பா கூலி வேலையை விட்டு ஓடிவந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஒரு காகிதமும் இல்லாமல் வளர்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு குழந்தைக்கு அந்த நிலை வராமல் தடுக்க நான்கு மாதம் கையில் இருக்கும்போது, சட்டம் நியாயமானதா என்ற கேள்விக்காக அந்த நான்கு மாதத்தைச் செலவிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வி பெரிது. அதைக் குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது.

அல்சூர் அண்ணா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசா இல்லாமல் வேலை செய்பவருக்குக் கூலியைப் பிடித்து வைத்தாலும் அவர் எங்கும் புகார் செய்யத் துணிய மாட்டார் என்பது முதலாளிக்குத் தெரியும். உங்கள் மாப்பிள்ளைக்குச் சம்பள பாக்கி இருந்தால் முதலில் அதைப் பேசி வாங்குங்கள்.

கோப்புக்காரர்:

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். வரையறை, இந்தியாவில் நுழைந்து அனுமதித்த காலத்துக்கு மேல் 'தங்கியிருப்பவர்' என்கிறது. குழந்தை பிறக்கும் நாளில் தகப்பன் வவுனியாவில் இருந்தால், அவர் இங்கே தங்கியிருப்பவர் அல்லவே? அப்படியானால் நான் சொன்ன வழி குழந்தைக்கும் பாதுகாப்பு. நீங்கள் சொல்லும் விசா மாற்றம் நான்கு மாதத்துக்குள் முடிவாகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலகம் வழக்குப் பதியச் சொன்னால், வழக்கு நிலுவையில் இருக்கும்வரை வெளியேறும் அனுமதியும் கிடைக்காது. நெலமங்கலா அருகே சொண்டேகொப்பாவில் இருக்கும் தடுப்பு மையத்துக்கு அவர் போக நேர்ந்தால் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டுவிடும்.

மேயோ ஹால் வழக்கறிஞர்:

உங்கள் வாசிப்பு சட்டத்தின் சொற்களோடு பொருந்துகிறது. பிறக்கும் நேரம் என்றுதான் பிரிவு சொல்கிறது. முன்பு தங்கியதைப் பற்றி அது பேசவில்லை. வழக்குப் பதியும் ஆபத்து உண்மையானது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு திருத்தம்: திருமணப் பதிவுச் சான்றிதழ் கையில் இல்லாமல் அவர் கிளம்பினால், துணைவர் விசாவுக்கு எதைக் காட்டுவார்? பதிவு முதலில், பயணம் பிறகு. வெளியேறும் அனுமதி கேட்கும் மனுவோடு, மனைவி இந்தியக் குடிமகள், பிரசவம் நெருங்குகிறது, ஆகவே கருப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்ற கோரிக்கையையும் மருத்துவச் சான்றோடு எழுத்தில் வைக்க வேண்டும். எழுத்தில் வைத்த கோரிக்கையை நிராகரித்தால்தான் உயர் நீதிமன்றத்தில் கேட்பதற்கு நமக்கு ஏதாவது இருக்கும்.

எல்லாம் தவறிப்போய் அவர் இங்கே இருக்கும்போதே குழந்தை பிறந்துவிட்டால், பிரிவு 5(4)இன் கீழ், சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால் எந்தச் சிறுவரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம். அது அரசின் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமையாகக் கேட்க முடியாது. இலங்கைக் குடியுரிமைக்கு, பிறந்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டால் குழந்தை எந்த நாட்டுக்கும் உரியதாக இருக்காது.

வன்னிமண்:

குழந்தைக்கு நாடில்லாமல் போகும் என்றால் நான் பேசாமல் இருக்க வேண்டியதுதான். ஆனாலும் என் மனம் ஆறவில்லை. முதல் பிள்ளை பிறக்கும்போது தகப்பன் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைச் சரியென்று என்னைச் சொல்ல வைக்காதீர்கள். அவர் போவதென்றால், போகும் முன் வவுனியாவில் கிராம அலுவலரிடம் வாங்க வேண்டிய வதிவிடச் சான்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கும் இப்போதே அங்கிருக்கும் உறவினரிடம் சொல்லி வைக்கட்டும். போன பிறகு அலைந்தால் வாரங்கள் போய்விடும்.

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இதை முழுவதும் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் இங்கேயே இருந்து விண்ணப்பிக்கலாம் என்றுதான் சொன்னார். தங்கை வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'நீங்க போயிட்டு வாங்க, இவன் பேப்பர் சரியா இருக்கட்டும்' என்றாள். பிறக்கப்போவது ஆண் என்றே அவள் முடிவு செய்து வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை திருமணப் பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்கிறோம். 30 நாள் முடிந்ததும் சான்றிதழோடு வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிப்போம். வழக்கறிஞர் ஐயா சொன்ன கோரிக்கைக் கடிதத்தைக் கூடவே வைப்போம். வேலையை அவர் இன்றோடு நிறுத்திவிட்டார், பாக்கியில் பாதி கைக்கு வந்தது. வவுனியாவில் அவருடைய அக்காவிடம் சான்றுகளுக்குச் சொல்லியாகிவிட்டது. வீட்டு உரிமையாளரிடமும் நானே போய் உள்ளதைச் சொல்லி, அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கோபப்பட்டார். பிறகு தங்கையின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஏழாம் மாதத்துக்குள் அனுமதி வராவிட்டால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.