ரெட் சாக்ஸ் ஓய்வு கொடுத்த ஜெர்சி எண்கள்: விதியும் பட்டியலும் ஒத்துவரவில்லை, உதவி தேவை

லெஃப்ட்ஃபீல்டு:
ஒரு வினாடி வினாவுக்காக பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி ஓய்வு கொடுத்த எண்களை (ஒரு வீரரின் மரியாதைக்காக, இனி யாருக்கும் இல்லை என்று அறிவித்து நிறுத்திய ஜெர்சி எண்கள்) எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நான் படித்த விதி: ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல்) இருக்க வேண்டும், அணியில் 10 வருடமாவது ஆடியிருக்க வேண்டும், கடைசி ஆட்டமும் இங்கேயே. இதை ஃபார்முலாவாகப் போட்டால் டெட் வில்லியம்ஸ் (9), யாஸ்ட்ரெம்ஸ்கி (8), ஜிம் ரைஸ் (14), ஆர்டிஸ் (34) எல்லாரும் தேறுகிறார்கள். ஆனால் பெஸ்கி (6), ஃபிஸ்க் (27), போக்ஸ் (26), பெட்ரோ மார்ட்டினெஸ் (45) அவுட். தப்பு எங்கே?

மேல்வரிசை:
உங்கள் தரவு சரிதான், அணிதான் தன் விதியை வளைத்திருக்கிறது. லீக்குக்கு (மேஜர் லீக் பேஸ்பால்) இதில் பொது விதியே கிடையாது, ஒவ்வொரு அணியும் தானே வைத்துக்கொள்வது. 1997ல், நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் 42ஐ எல்லா அணிகளுக்குமாக நிறுத்தியது மட்டும் லீக்கின் முடிவு.

ஃபிஸ்க் கதை தமாஷானது. 1993ல் வேறு அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸில் ஆட்டத்தை முடித்தவர். 1999ல் ரெட் சாக்ஸ் அவரை அலுவலகப் பொறுப்பு ஒன்றில் அமர்த்தி, ‘இங்கேதான் முடித்தார்’ என்று கணக்கை நேர்செய்துவிட்டது. அடுத்த வருடம் 27க்கு ஓய்வு!

பழையஸ்கோர்கார்டு:
பெஸ்கி உங்கள் மூன்று நிபந்தனையிலும் ஃபெயில். ஹாலில் இல்லை, பாஸ்டனில் 8 சீசன்தான், கடைசியாக ஆடியது வாஷிங்டன் அணிக்கு. ஆனால் மேனேஜர், கோச், வர்ணனையாளர் என்று பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்த மனிதர். ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் வலது பக்க எல்லைக் கம்பமே அவர் பெயரில்தான். 2008ல் விதியை ஓரமாக வைத்து 6க்கு ஓய்வு கொடுத்தார்கள், எனக்கு அதில் மறுப்பே இல்லை. பெட்ரோ பாஸ்டனில் 7 சீசன்தான், அவர் எண்ணுக்கு ஓய்வு 2015ல். போக்ஸ் 2005லேயே ஹாலுக்குப் போய்விட்டார், ஆனால் கடைசியாக ஆடியது டாம்பா பே அணியில். 2016 வரை காக்க வைத்தார்கள்.

மேல்வரிசை:
இன்னொன்று, ஆர்டிஸ் தேறுவதை நம்ப வேண்டாம். எண்ணுக்கு ஓய்வு 2017ல், ஹாலுக்குப் போனது 2022ல். இன்றைய நிலவரத்தை வைத்துப் பார்ப்பதால்தான் ஃபார்முலா அவரைத் தேற்றுகிறது. ஹால் வருடம், ஓய்வு வருடம் இரண்டுக்கும் தனித்தனி பத்தி போடுங்கள், குட்டு உடைந்துவிடும்.

லெஃப்ட்ஃபீல்டு:
ஆமாம், இப்போது ஆர்டிஸும் சிவப்பில் வருகிறார்! பேசாமல் ஃபார்முலாவைத் தூக்கிவிட்டு ‘காரணம்’ என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். அப்புறம், பழைய ரெட் சாக்ஸ் பிட்சர் (பந்து எறிபவர்) ரோஜர் கிளெமென்ஸின் 21? 1996க்குப் பிறகு யாரும் போடவில்லையே, அதையும் சேர்க்கலாமா?

பழையஸ்கோர்கார்டு:
வேண்டாம் ப்ரோ. யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது வேறு, ஓய்வு அறிவிப்பது வேறு. ஃபென்வே வலது பக்க மாடத்தில் தொங்கும் எண்களில் 21 கிடையாது. 42 உண்டு, மற்றவை சிவப்பு, அது மட்டும் நீலம். வினாடி வினாவில் அதைக் கேளுங்கள், நல்ல கேள்வி.