கிறிஸ்துமஸ் வாரம், மேஜிக் கிங்டம் வாணவேடிக்கை: இரண்டு மணி நேரம் முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டுமா?

கயல்விழி

டிசம்பர் 27 முதல் 31 வரை ஃப்ளோரிடாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இருக்கப் போகிறோம். நான், கணவர், ஆறு வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமியார். அதிலுள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் வாணவேடிக்கை பார்க்க ஒரே ஓர் இரவுதான் ஒதுக்க முடியும். "இரண்டு மணி நேரம் முன்னாலேயே பூங்கா நடுவில் உள்ள சிண்ட்ரெல்லா கோட்டைக்கு எதிரே போய் உட்காராவிட்டால் வீண்" என்கிறாள் தோழி. "பூங்காவுக்கு வெளியே ஏரிக்கரையில் நின்றே நன்றாகப் பார்த்தோம்" என்கிறார் நாத்தனார். இருவரும் போய் வந்தவர்கள்தான். யார் பேச்சைக் கேட்பது?

இரட்டையர்_அம்மா

உங்கள் தோழியின் பேச்சைக் கேளுங்கள். வானத்தில் வெடிப்பது பாதிதான், மீதிப் பாதி கோட்டைச் சுவரில் நடக்கிறது. மற்ற நாட்களில் காட்டும் ஹேப்பிலி எவர் ஆஃப்டர் சுமார் 18 நிமிடம் ஓடும். அதில் கதையைச் சொல்வதே சுவரில் விழும் ஒளிப்படங்கள்தான். நீங்கள் போகும் வாரத்தில் கிறிஸ்துமஸுக்கென்றே உள்ள மின்னியின் காட்சியைப் போடுவது வழக்கம். அதற்கு முன்பு வரை, தனி டிக்கெட் வாங்கினால்தான் நுழைய முடியும் கிறிஸ்துமஸ் பார்ட்டி இரவுகளில் மட்டும் காட்டுவார்கள். பார்ட்டிகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடுவதால் கடைசி வாரம் எல்லோருக்கும் கிடைக்கும். அதிலும் கோட்டைச் சுவரில் படம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் மகளுக்குப் பொறி மட்டும்தான் தெரியும்.

வால்ட் டிஸ்னியும் மிக்கியும் கைகோத்து நிற்கும் சிலையிலிருந்து, வாசலுக்குப் போகும் தெருவான மெயின் ஸ்ட்ரீட் தொடங்கும் வளைவு வரை உள்ள பகுதிதான் இடம். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். நாங்கள் மூன்று முறை அப்படித்தான் செய்தோம்.

செல்வம்

நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வருடத்திலேயே டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும் வாரம் அது. நாலு பேர் இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் மொத்தம் எட்டு மணி நேரம் போய்விட்டது. ஆறு வயதுக் குழந்தை முதல் அரைமணி விளையாடும், அடுத்த அரைமணி அழும், காட்சி தொடங்கும்போது தூங்கியிருக்கும். முழங்கால் வலிக்காரரைத் தரையில் உட்கார வைத்து எழுப்புவதையும் யோசியுங்கள். காட்சி தொடங்கியதும் முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்தே பார்க்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அருகில் இருந்தால் நன்றாகத் தெரியும் என்பதும் சரியில்லை. கோட்டையின் உயரம் 189 அடி, கிட்டத்தட்ட 58 மீட்டர். அதிலிருந்து 60 மீட்டர் தள்ளி நின்றால் உச்சியைப் பார்க்கவே 45 டிகிரி அண்ணாந்தாக வேண்டும். பெரிய வாணங்கள் கோட்டைக்குப் பின்னாலிருந்து கிளம்பி அதற்கும் மேலே போய் வெடிக்கின்றன. சுவரையும் வானத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாமல் தலையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பீர்கள். மெயின் ஸ்ட்ரீட்டின் நடுவிலோ அதற்கும் பின்னாலோ நின்றால் இரண்டும் ஒரு சட்டத்துக்குள் அடங்கும். முக்கால் மணி நேரம் முன்னால் போனால் போதும்.

வாசலருகே உள்ள இரயில் நிலையத்தின் மேல்தளமும் நல்ல இடம்தான். ஆனால் இந்தப் பருவத்தில் அதன் முன்னால் உள்ள டவுன் ஸ்கொயரில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் நிற்கும். எங்கே நின்றால் அது கோட்டையை மறைக்காது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டையர்_அம்மா

செல்வம், கணக்கெல்லாம் பெரியவர்களின் கண் உயரத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். மெயின் ஸ்ட்ரீட் கிட்டத்தட்டச் சமதளம். அங்கே நிற்கும் ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகுப்பை.

முதல் முறை போனபோது நாங்களும் உங்களைப் போல நினைத்துப் பின்னால் நின்றோம். இரட்டையருக்கு அப்போது ஐந்து வயது. விளக்கணைந்து முதல் பாட்டு தொடங்கிய நிமிடம், எங்களுக்கு நேர் முன்னால் இருந்தவர் தன் பையனைத் தோளில் ஏற்றினார். பக்கத்தில் ஒருவர் டேப்லெட்டைத் தலைக்கு மேல் பிடித்தார். நகர இடமில்லை. சின்னவள் காட்சி முடியும் வரை "எனக்குத் தெரியலம்மா" என்று அழுதாள். அடுத்த முறையிலிருந்துதான் முன்னால் போய் உட்காரத் தொடங்கினோம்.

மதி

அந்தத் தோளில் ஏற்றும் அப்பாக்களில் நானும் ஒருவன். அதனால் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என் மகனுக்கு நாலு வயது. கைக்குழந்தையோடு மனைவியை இரண்டு மணி நேரம் உட்கார வைக்க முடியாது, கடைசியில்தான் வருவோம். அவனைத் தூக்காமல் நான் என்ன செய்வது? பின்னால் இருப்பவர் குழந்தைக்குத் தெரியவில்லை என்பது எனக்கும் வருத்தம்தான். அதற்காக என் பிள்ளை பார்க்காமல் திரும்ப வேண்டுமா?

இரட்டையர்_அம்மா

தூக்குங்கள் மதி, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தோளில் வேண்டாம், இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் தலை உங்கள் தலைக்குப் பக்கத்தில் இருந்தால் பின்னால் இருப்பவர் இழப்பது கொஞ்சம்தான். தோளில் ஏற்றினால் உங்கள் உயரத்துக்கு மேல் இன்னும் இரண்டு அடி. தோளில்தான் ஏற்ற வேண்டும் என்றால் கடை வாசல் சுவரை ஒட்டி, பின்னால் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

மதி

பதினெட்டு நிமிடம் இடுப்பில் வைத்துக்கொள்வது கை வலிக்கும் வேலை. ஆனால் சுவரை ஒட்டி நிற்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை ஏற்கிறேன்.

செல்வம்

தோளைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் இதையும் பேச வேண்டும். நான் அதிகம் பார்த்தது, ஒருவர் விரிப்பை விரித்து எட்டுப் பேருக்கு இடம் பிடித்துவைப்பது. அவர் குடும்பம் கடைசி ஐந்து நிமிடத்தில் ஐஸ்கிரீமோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும். அதுவரை காலியாகக் கிடந்த தரைக்குப் பின்னால் நாங்கள் ஒரு மணி நேரம் நின்றிருப்போம். முன்னால் போய் உட்காருங்கள் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். இரட்டையர் அம்மா, நீங்கள் மூன்று முறையும் எல்லோரும் சேர்ந்தா உட்கார்ந்தீர்கள்?

இரட்டையர்_அம்மா

இல்லை. கணவர் உட்கார்ந்திருந்தார், நான் பிள்ளைகளை ஒரு சவாரிக்கும் கழிப்பறைக்கும் கூட்டிப்போய் வந்தேன். ஆனால் அரைமணி நேரம் முன்னாலேயே திரும்பிவிட்டோம், நாலு பேருக்கு மேல் இடம் பிடிக்கவும் இல்லை. கழிப்பறைக்குப் போனவருக்கு இடம் வைத்திருப்பதும் எட்டுப் பேருக்கு விரிப்புப் போடுவதும் ஒன்றாகாது.

செல்வம்

நாலுக்கும் எட்டுக்கும் கோடு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அரைமணி முன்னால் திரும்புவது நியாயம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

வானோக்கி

யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லையே. இரண்டு மணி நேரம் காத்திருந்தவரும் புகையைத்தான் பார்ப்பார், காற்று எதிராக அடித்தால்.

கோட்டை தெற்கு நோக்கி நிற்கிறது. வாணங்களை அதற்கு வடக்கே, பின்பக்கமிருந்து விடுகிறார்கள். பார்க்கிற கூட்டம் தெற்கே. ஃப்ளோரிடாவில் குளிர்காலத்தில் ஒரு குளிர்க்காற்று அலை கடந்துபோனால், அடுத்த ஒன்றிரண்டு நாள் வடமேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ காற்று அடிக்கும். அன்றைக்குப் புகை நேராகக் கூட்டத்தின் மேல் வரும். வடமேற்குக் காற்று என்றால் புகை கிழக்கே, டுமாரோலேண்ட் பகுதியின் பக்கம் சாயும், நீங்கள் மேற்கே, கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தின் பக்கம் நில்லுங்கள். வடகிழக்குக் காற்று என்றால் தலைகீழ். காற்றே இல்லாத ஈரமான இரவுதான் மோசம், புகை எங்கும் போகாமல் அப்படியே தொங்கும். மாலையில் கைப்பேசியில் காற்றுத் திசையைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகுமா?

மேலே காற்று பலமாக இருந்தால் தாமதமாகலாம், ரத்தும் ஆகலாம். அதனால் ஒரே இரவு என்று முடிவு செய்யாமல், தங்கும் ஐந்து நாளில் எந்த இரவு என்பதை வானிலை பார்த்துத் தீர்மானியுங்கள்.

ஏரிக்கரை

நாத்தனார் சொன்னதுதான் என் கட்சி. பூங்காவுக்கு வெளியே உள்ள செவன் சீஸ் லகூன் ஏரியின் மறுகரையில் பாலினேசியன் வில்லேஜ் விடுதியின் மணற்கரை இருக்கிறது. காட்சியின் இசையை அங்கேயும் ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். குழந்தை மணலில் விளையாடிக்கொண்டிருக்கும், பெரியவர் சாய்ந்து உட்காரலாம். 1971 முதல் ஓடும் விளக்கு மிதவை ஊர்வலமும் இரவில் அந்த ஏரியில்தான் வரும். யாருடைய முதுகையும் பார்க்க வேண்டாம்.

என் அம்மாவோடு அங்கே உட்கார்ந்து பார்த்த இரவைப் போல மேஜிக் கிங்டமுக்குள் எனக்கு ஓர் இரவும் அமையவில்லை.

வானோக்கி

அழகான இடம்தான், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒளி உடனே வந்துவிடும், ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றால் பூ விரிந்து மூன்று நொடிக்குப் பிறகுதான் வெடிச்சத்தம் கேட்கும். இசையோடு சேர்ந்து வெடிக்கும் அந்த உணர்வு கிடைக்காது. இன்னொன்று, விடுமுறை வாரத்தில் அங்கே அறையோ உணவக முன்பதிவோ இல்லாதவர்களின் காரைப் பார்க்கிங்கில் விடாமல் திருப்பி அனுப்புவது உண்டு. கான்டெம்பரரி விடுதியின் 15-ஆம் மாடியில் உள்ள கலிஃபோர்னியா கிரில் உணவகத்துக்கும் அப்படித்தான், முன்பதிவு இல்லாமல் மேலே போக முடியாது.

இரட்டையர்_அம்மா

ஏரிக்கரை, உங்கள் அம்மாவோடு பார்த்த இரவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கயல்விழி கேட்பது மகளின் முதல் இரவைப் பற்றி. சுவரில் ஓடும் படத்தை அவள் பார்க்காமல் போனால் எனக்கே மனசு கேட்காது.

சாந்தி_ஆர்

பாட்டியைப் பற்றி எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். கயல்விழி, முழங்கால் வலி இருப்பவரை டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தப் பூங்காவில் நாள் முழுக்க நடக்க வைக்காதீர்கள். நுழைவாயில் அருகே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அவர் வேண்டாம் என்பார், என் அம்மாவும் சொன்னார். பாதி நாளுக்குள் அவரே "நல்லவேளை" என்றார்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு வாணவேடிக்கைக்கென்று ஒதுக்கிய பார்வையிடம் இருக்கிறது. முந்தி வருபவர்களுக்கே இடம், கூட எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அன்றைக்கு எங்கே, எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பணியாளர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். நாற்காலியோடு சாதாரணக் கூட்டத்துக்குள் போக வேண்டாம், எல்லோரும் எழுந்ததும் அவருக்கு எதுவுமே தெரியாது.

செல்வம்

சாந்தி சொன்னதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. கயல்விழிக்கு இதுதான் பொருந்தும்.

நாளைப் பற்றி ஒன்று. டிசம்பர் 30, 31 இரண்டு இரவும் புத்தாண்டு வாணவேடிக்கை உண்டு. அதில் கோட்டைக்குப் பின்னால் மட்டுமில்லாமல் பூங்காவைச் சுற்றிலும் வாணம் விடுகிறார்கள். முன்னால் போயே ஆக வேண்டும் என்ற வாதம் அந்த இரண்டு இரவும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. முப்பதாம் தேதி நெரிசல் ஒரு படி குறைவு. கோட்டைக்குப் பின்னால் உள்ள ஃபேண்டசிலேண்டில் பாதுகாப்புக்காகச் சில பகுதிகளை மூடுவார்கள், திறந்திருக்கும் பகுதியில் நின்றால் தலைக்கு மேலேயே வெடிக்கும்.

இரட்டையர்_அம்மா

ஆறு வயதுக்கு நள்ளிரவை ஒட்டி நடக்கும் காட்சியா? அதுவும் சுற்றிலும் வெடிக்கும் சத்தத்தோடு? என் பிள்ளைகள் ஐந்து வயதில் காதைப் பொத்திக்கொண்டார்கள். காதுக்கவசம் இல்லாமல் கூட்டிப்போக வேண்டாம். நானாக இருந்தால் 28 அல்லது 29, கிறிஸ்துமஸ் காட்சி.

செல்வம்

தூங்க வைத்துவிட்டு மாலையில் கூட்டிப்போகலாம். சுற்றிலும் வெடிக்கும் வானத்தை வேறெங்கே பார்ப்பாள்? இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

வெளியே வருவதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்த நிமிடமே எல்லோரும் வாசலை நோக்கி நகர்வார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்த வெள்ளத்துக்குள் இறங்காதீர்கள். அரைமணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள். மெயின் ஸ்ட்ரீட் கடைகள் மற்ற இடங்களை விடத் தாமதமாகத்தான் மூடும்.

கயல்விழி

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கணவரும் நானும் நேற்று இரவு எல்லாவற்றையும் படித்தோம். 28, 29 இரண்டில் காற்று எந்த நாள் நன்றாக இருக்கிறதோ அந்த நாள். காலையிலேயே சக்கர நாற்காலி, பார்வையிடம் கேட்பது. மகளுக்குக் காதுக்கவசம் இன்றைக்கே வாங்குகிறேன். செல்வம் அண்ணா, மன்னிக்க வேண்டும், முப்பதாம் தேதி எங்களால் முடியாது.

மாமியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். நாற்காலிக்கு ஒப்புக்கொண்டார். "கழிப்பறை எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார். யாருக்காவது தெரியுமா?

சாந்தி_ஆர்

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம், சிட்டி ஹாலை ஒட்டி ஒன்று இருக்கிறது. பார்வையிடத்துக்குள் போவதற்கு முன் அவரைக் கூட்டிப்போய்விடுங்கள். கூட்டம் நிறைந்த பிறகு நாற்காலியோடு வெளியே வந்து திரும்பிப் போவது கடினம். முதலுதவி மையம் கிரிஸ்டல் பேலஸ் பக்கத்தில் இருக்கிறது. முழங்கால் வலி அதிகமானால் அங்கே கொஞ்ச நேரம் படுக்க வைக்கலாம், செவிலியர் இருப்பார்.